நெடுநாள் நின்ற காருக்கு நாள் பார்க்குமுன்

தகப்பனார் காலமாகி நான்கைந்து வருஷமாகிவிட்டது. அவர் பிரியமாக வைத்திருந்த கார் வீட்டுப் பக்கவாட்டில் தார்ப்பாய் மூடியபடி நிற்கிறது. விடுமுறைக்கு வந்திருக்கும் பிள்ளை, ஊருக்குத் திரும்புமுன் அதை ஒரு முறை ஓட்டிப் பார்த்துவிட வேண்டும் என்று ஆசைப்படுகிறார். நல்ல நாள் பார்க்கிறார்கள். சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைக்கிறார்கள். அண்டை வீட்டுக்காரர் தம் காரின் பேட்டரியைக் கழற்றிக்கொண்டு வருகிறார். செல்ஃப் அடித்து அடித்து அது ஓய்ந்த பிறகு, தெருவில் போகிறவர்களையும் கூப்பிட்டு நாலு பேராகத் தள்ளுகிறார்கள். கார் இருமுகிறது, குலுங்குகிறது, ஒரு கணம் உறுமுகிறது. எல்லாரும் கைதட்டும்போதே உள்ளே ஏதோ 'தடக்' என்கிறது, அத்தோடு நின்றுபோகிறது. இந்தக் காட்சியைச் சிற்சில மாறுதல்களோடு நான் எத்தனையோ முறை பார்த்துவிட்டேன்.

இவ்விதம் கெட்டுப்போன ஒரு காரை, காரின் விலையில் பாதியைச் செலவழித்துச் சரிசெய்த என் உறவினர் ஒருவர், பின்னர்தான் அதன் ஆர்.சி. புக்கைப் பிரித்துப் பார்த்தார். பதிவு காலாவதியாகி மூன்று வருஷம் ஆகியிருந்தது, பெயர் காலமானவருடையது, கடன் கொடுத்த பாங்கியின் பெயர் இன்னும் நீக்கப்படவில்லை. கார் ஓடுகிறது, ஆனால் தெருவில் ஓட்டக்கூடாது என்கிற விசித்திர ஸ்திதியில் அது இன்றும் நிற்கிறது. ஆகவே வாசகர்களுக்கு நான் முதலிலேயே சொல்லிவிட விரும்புவது இதுதான்: சாவியைத் திருகுவது இந்தக் காரியத்தில் கடைசி வேலை. அதற்கு முந்தின வேலை இயந்திரத்தினுடையது. அதற்கும் முந்தினது காகிதத்தினுடையது.

காகிதத்திலிருந்தே ஆரம்பிக்கிறேன், ஏனெனில் இதைத்தான் எல்லாரும் அசிரத்தையாக விட்டுவிடுகிறார்கள். 1988-ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 41-ஆம் பிரிவின்படி, சொந்த உபயோகக் கார் ஒன்றின் பதிவு, பதிவான நாளிலிருந்து 15 வருஷத்துக்குத்தான் செல்லும். பிறகு ஐந்தைந்து வருஷமாகப் புதுப்பித்துக்கொள்ள வேண்டும். கார் ஓடினாலும் நின்றாலும் இந்தக் கணக்கு ஓடிக்கொண்டேதான் இருக்கும். புதுப்பிப்பதற்குரிய விண்ணப்பம் படிவம் 25. பதிவு முடிவதற்கு 60 நாள் முன்பிருந்தே அதைக் கொடுக்கலாம். கட்டணம் 2022 ஏப்ரல் முதல் காருக்கு 5,000 ரூபாய்; 20 வருஷம் கடந்த காருக்கு 2025 ஆகஸ்டில் 10,000 ஆக உயர்த்திவிட்டார்கள். இதன்மேல் தமிழ்நாட்டில் பசுமை வரி என்றொன்று உண்டு. காலம் கடந்து விண்ணப்பிக்கிறவர்களிடம் மாதம் ஒன்றுக்கு 500 ரூபாய் வீதம் கூடுதலாக வசூலிக்கவும் விதி செய்திருக்கிறார்கள். பத்து வருஷம் கடந்தவருக்கு அந்தக் கணக்கு எங்கே போய் நிற்கும் என்பதைப் பெருக்கிப் பார்த்துக்கொள்ளலாம். மெக்கானிக்கிடம் முன்பணம் கொடுக்குமுன் பெருக்கிப் பார்ப்பது உத்தமம். வண்டி எண்ணை அரசின் பரிவாகன் இணையதளத்தில் கொடுத்தால் பதிவு எந்தத் தேதி வரையில் செல்லும், இன்ஷூரன்ஸ் எப்போது முடிந்தது என்பவை ஐந்து நிமிஷத்தில் தெரிந்துவிடும். அந்த ஐந்து நிமிஷத்தைச் செலவிடாதவர்கள்தான் அலுவலக வாசலில் ஐந்து நாள் நிற்கிறார்கள்.

இடையில் ஒரு வதந்தியையும் களைந்துவிடுகிறேன். 10 வருஷமான டீசல் காரும் 15 வருஷமான பெட்ரோல் காரும் தெருவில் வரக்கூடாது என்ற ஏற்பாடு டில்லியையும் அதைச் சுற்றியுள்ள தலைநகர்ப் பிரதேசத்தையும் பற்றியது. நம் ஊருக்கும் அதுதான் சட்டம் என்று யாரோ சொன்னதைக் கேட்டுப் பதறி, நல்ல ஸ்திதியிலிருந்த காரைக் காயலான் கடைக்குத் தள்ளிவிட்டவர்களை நான் அறிவேன். தமிழ்நாட்டில் பரிசோதனையில் தேறுகிற கார் புதுப்பித்துக்கொண்டு ஓடலாம்.

உரிமையாளர் காலமாகிவிட்டிருந்தால் விஷயம் இன்னும் சற்று நீளும். மத்திய மோட்டார் வாகன விதிகளின் 56-ஆம் விதி, மரணம் நேர்ந்த 30 நாளுக்குள் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்கு எழுத்துமூலம் தெரிவிக்க வேண்டும் என்றும், மூன்று மாதத்துக்குள் படிவம் 31-இல் பெயர் மாற்றத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும் என்றும் கூறுகிறது. துக்க வீட்டில் யாருக்கு இது நினைவிருக்கப்போகிறது? இருந்தாலும் தாமதமானால் உரிமை போய்விடுவதில்லை, அபராதம்தான் சேருகிறது. ஆகவே காலம் கடந்துவிட்டது என்று அஞ்சி இன்னும் கடத்தாமல் போய்விட வேண்டும். கையில் கொண்டுபோக வேண்டியவை: ஆர்.சி. புக், இறப்புச் சான்றிதழ், செல்லுபடியாகும் இன்ஷூரன்ஸ், உங்கள் விலாசத்துக்கும் அடையாளத்துக்கும் அத்தாட்சி, தாசில்தார் வழங்கும் வாரிசுச் சான்றிதழ், மற்ற வாரிசுகள் தங்களுக்கு ஆட்சேபணை இல்லை என்று கையெழுத்திட்ட பிரமாணப் பத்திரம். வாரிசுச் சான்றிதழுக்கு இ-சேவை மையத்திலேயே மனுச் செய்யலாம். வெளிநாட்டில் இருக்கும் சகோதரியின் கையெழுத்து வேண்டியிருந்தால், அவர் ஊருக்கு வந்து திரும்புமுன்பே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். விமானம் ஏறிய பிறகு நினைத்துக்கொள்வதில் பிரயோஜனமில்லை.

பழைய கடன் பாக்கியில்லாவிட்டாலும், புத்தகத்தில் பாங்கியின் பெயர் இருக்கும்வரை பெயர் மாற்றம் நடவாது. கடன் கொடுத்தவரிடம் பாக்கியில்லை என்ற கடிதமும், அவர்கள் கையெழுத்திட்ட படிவம் 35-உம் பெற வேண்டும். அந்தப் பாங்கியே இப்போது இல்லை என்று சிலர் திரும்பி வந்துவிடுகிறார்கள். பாங்கிகள் மறைவதில்லை, சேர்ந்துவிடுகின்றன: அலகாபாத் பாங்கி 2020 ஏப்ரல் 1 அன்று இந்தியன் பாங்கியோடு இணைந்தது, எனவே அங்கே வாங்கிய கடனுக்கு இந்தியன் பாங்கியில் போய்க் கேட்க வேண்டும். ஆர்.சி. புக்கே தொலைந்துவிட்டது என்றால், தமிழ்நாடு காவல்துறையின் இணையதளத்தில் தொலைந்த ஆவணத்துக்குரிய அறிக்கையைப் பதிந்து, அதன் பிரதியோடு படிவம் 26-இல் நகல் கேட்கலாம்.

இவ்வளவையும் சேகரித்துக்கொண்டு போனாலும், ஜன்னலுக்கு அந்தப் பக்கம் இருப்பவர் ஒரே தடவையில் எல்லாக் குறைகளையும் சொல்லிவிடுவார் என்று எதிர்பார்க்காதீர்கள். முதல் நாள் ஒரு காகிதம் குறைவு என்பார். அதைக் கொண்டுபோனால் இரண்டாவது நாள் வேறொன்று குறைவு என்பார். மூன்றாவது நாள் சர்வர் வேலை செய்யாது. இந்த அலைச்சலில் மனம் நொந்துதான் ஜனங்கள் வாசலில் நிற்கும் புரோக்கரிடம் மொத்தக் காகிதங்களையும் ஒப்படைத்துவிடுகிறார்கள். அவசியமில்லை. குறையை எழுத்தில் தரும்படி கேளுங்கள். கொடுத்த விண்ணப்பத்துக்கு எண்ணும் ரசீதும் வாங்கிக்கொள்ளுங்கள். மூலப் பத்திரங்களை எவர் கையிலும் விட்டுவிட்டு வராதீர்கள்.

இனி இன்ஷூரன்ஸ். மூன்றாம் நபருக்கான இன்ஷூரன்ஸ் இல்லாமல் பொது இடத்தில் காரை ஓட்டக்கூடாது என்பது சட்டத்தின் 146-ஆம் பிரிவு. மீறினால் முதல் தடவை 2,000 ரூபாய் அபராதம், மூன்று மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். அபராதம் பெரிதல்ல. இன்ஷூரன்ஸ் இல்லாத காரை 'தெருமுனை வரைக்கும்தானே' என்று ஓட்டிப் போய், யாரோ ஒருவர் காலில் ஏற்றிவிட்டால், நஷ்டஈட்டுத் தீர்ப்பின் முழுத் தொகையும் உரிமையாளரின் சொந்தச் சொத்தின்மேல் வந்து விழும். வீட்டை விற்றுக் கொடுக்க நேரும். வருஷக் கணக்கில் நின்ற காரின் பிரேக்கை நம்பி ஓட்டும் அந்த முதல் கால் மைலில்தான் இது நடக்க அதிக வாய்ப்பு. தகப்பனார் பெயரில் பாலிசி இருக்கிறது என்ற சமாதானமும் உதவாது; உரிமையாளர் மரணத்துக்குப் பின் அது மூன்று மாதமோ பாலிசி முடியும் வரையிலோ, எது முந்தியதோ அதுவரையில்தான் நிற்கும்.

பதிவு காலாவதியான காரை அலுவலகத்துக்குக் காட்ட எப்படிக் கொண்டுபோவது என்று கேட்பார்கள். ஓட்டிக்கொண்டு போகிறவர்கள் பலர். வழியில் போலீஸ்காரர் நிறுத்தினால் 192-ஆம் பிரிவின் கீழ் 2,000 முதல் 5,000 வரை கட்ட வேண்டும். ரெக்கவரி வண்டியில் ஏற்றிக்கொண்டு போவதற்கு அதற்குக் குறைந்த செலவே ஆகும். அங்கே பிரேக் இன்ஸ்பெக்டர் என்று நாம் வழக்கமாகச் சொல்லும் மோட்டார் வாகன ஆய்வாளர், எஞ்சின் எண்ணையும் சேஸிஸ் எண்ணையும் புத்தகத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பார். துரு படிந்து எண் தெரியாவிட்டால் மண்ணெண்ணெயும் பிரஷ்ஷும் கொண்டு மெதுவாகத் துடையுங்கள். உப்புக் காகிதம் போட்டுத் தேய்த்துவிடாதீர்கள். எண் அழிந்த கார் திருட்டுக் காராகச் சந்தேகிக்கப்படும். புகைச் சான்றிதழும் வேண்டும், ஆனால் அது கார் ஓடத் தொடங்கிய பிறகு எடுக்கக்கூடியது.

காகிதம் தேறாது, செலவு கட்டாது என்று தோன்றினால் காரை விட்டுவிடுவதும் விவேகமே. ஆனால் காயலான் கடைக்காரரிடம் காரைத் தள்ளிவிட்டுப் பணத்தை எண்ணிக்கொண்டு வந்துவிடாதீர்கள். பதிவு ரத்தாகாத வரையில் சட்டத்தின் கண்ணுக்கு அந்தக் கார் உங்களுடையது. நாளைக்கு அதன் எண் பலகை எந்தக் குற்றத்தில் தென்பட்டாலும் போலீஸ் உங்கள் வீட்டைத்தான் தட்டும். பதிவுபெற்ற வாகன உடைப்பு நிலையத்தில் ஒப்படைத்து, அவர்கள் தரும் சான்றிதழைக் கொண்டு பதிவை ரத்து செய்துகொள்ளுங்கள். பதிவை ரத்து செய்யுங்கள் என்று மறுபடியும் சொல்கிறேன். இதை அநேகர் கேட்பதில்லை.

காகிதம் ஒழுங்காகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். இப்போது பானெட்டைத் திறக்கலாம். திறக்குமுன் ஒரு கழியால் நாலு தட்டுத் தட்டுங்கள். இது வேடிக்கைக்குச் சொல்வதல்ல. நின்ற காரில் எலி வரும். எலியைத் தேடிப் பாம்பு வரும். ஏர் ஃபில்டர் பெட்டிக்குள் எலிக்கூடு இருக்கும், வயர்களின் மேலுறை கடிபட்டுச் செம்பு பளபளக்கும். அந்த நிலையில் பேட்டரியை மாட்டினால் ஷார்ட் ஆகித் தீப்பிடிக்கலாம். ஆகவே கடிபட்ட வயர் ஒவ்வொன்றையும் பார்த்துச் சரிசெய்யும்வரை பேட்டரியை அருகில் கொண்டுவராதீர்கள். தீயணைக்கும் பவுடர் சிலிண்டர் ஒன்று கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும்.

பெட்ரோல் பழசாகும் என்பதை நம் ஜனங்கள் நம்புவதில்லை. டாங்கில் கால்வாசி இருக்கிறது, அதன்மேல் புதிதாக ஐந்து லிட்டர் ஊற்றினால் போதும் என்கிறார்கள். சில மாதங்களிலேயே பெட்ரோலின் லேசான அம்சங்கள் ஆவியாகி, மிச்சம் வார்னிஷ் வாடையடிக்கும் பிசினாகத் திரியத் தொடங்குகிறது. கலந்திருக்கும் எத்தனால் காற்றின் ஈரத்தை இழுத்துக்கொண்டு தண்ணீரோடு அடியில் தனியே பிரிந்து நிற்கிறது. டாங்க் உள்ளே துருப்பிடிக்கிறது. இவற்றையெல்லாம் பம்பு உறிஞ்சி இன்ஜெக்டர்களிலும், பழைய வண்டியானால் கார்புரேட்டரின் நுண்ணிய துளைகளிலும் அடைத்துவிடும். பழையதை முழுவதும் வடித்து, டாங்கைப் பார்த்து, ஃபில்டரை மாற்றி, ரப்பர்க் குழாய்களை வளைத்து வெடிப்புப் பார்த்த பிறகே புதிது ஊற்ற வேண்டும். வடிக்கும் இடத்தில் பீடியும் வேண்டாம், கைப்பேசி விளையாட்டும் வேண்டாம். வடித்ததைச் சாக்கடையில் கொட்டுவது பெரும் அபாயம்.

எஞ்சினுக்குள் நடந்திருப்பது கண்ணுக்குத் தெரியாது. எண்ணெய் எல்லாம் கீழே வடிந்து, சிலிண்டர்ச் சுவர்கள் வறண்டு, பிஸ்டன் வளையங்கள் துருவோடு ஒட்டியிருக்கும். ஆயில் அளவுக் குச்சியை இழுத்துப் பாருங்கள். பால் கலந்த காப்பி நிறத்தில் இருந்தால் தண்ணீர் இறங்கியிருக்கிறது, மேலே எதுவும் செய்யாமல் நிறுத்திவிடுங்கள். 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் சென்னையில் வெள்ளத்தில் மூழ்கி, அப்போது பழுது பார்க்கப்படாமலே ஓரம்கட்டப்பட்ட கார்களுக்கு இது முக்கியம்: சிலிண்டரில் தண்ணீர் நின்றால் அதை அமுக்க முடியாது; செல்ஃப் அடித்தால் கனெக்டிங் ராடு வளையும். நிறம் சரியாக இருந்தால் ஆயிலையும் அதன் ஃபில்டரையும் மாற்றி, ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, ஒவ்வொரு துளையிலும் ஒரு கரண்டி புது ஆயில் விட்டு, ஒரு நாள் முழுக்க அப்படியே விட்டுவிடுங்கள். மறுநாள் கியரை நியூட்ரலில் வைத்து, கிராங்க் புல்லியின் போல்ட்டில் ஸ்பானரை மாட்டி, எஞ்சின் இயல்பாகச் சுற்றும் திசையிலேயே கையால் இரண்டு சுற்றுச் சுற்றுங்கள். முரண்டு பிடித்தால் பலத்தைக் காட்டாதீர்கள். இன்னும் ஆயில் விட்டு இன்னும் ஒரு நாள் காத்திருங்கள். சாவகாசமே இங்கே சாமர்த்தியம்.

என் உறவினருடைய காரில் 'தடக்' என்றது டைமிங் பெல்ட். அது ரப்பர்; ஓடினாலும் ஓடாவிட்டாலும் வயசாகும். அநேகக் கார்களில் அது அறுந்தால் பிஸ்டன் வால்வுகளின்மேல் மோதி அவற்றை வளைத்துவிடும். பெல்ட் மேலுக்கு நன்றாக இருக்கிறதே என்று மெக்கானிக் சொன்னாலும் மாற்றச் சொல்லுங்கள். சங்கிலி வைத்த எஞ்சினானால் இந்தக் கவலை இல்லை.

கூலன்ட்டை வடித்துப் புதிது ஊற்றுவதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பிரேக்கைப் பற்றித்தான் எவ்வளவு சொன்னாலும் போதாது. பிரேக் ஆயில் காற்றின் ஈரத்தை உறிஞ்சும் சுபாவமுடையது. இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை மாற்ற வேண்டியதை எட்டு வருஷம் விட்டால், மாஸ்டர் சிலிண்டரும் வீல் சிலிண்டரும் உள்ளுக்குள் அரித்திருக்கும். நின்ற இடத்தில் மிதித்தால் பெடல் கல்லாக நிற்கும். ஓடும்போது மிதித்தால் கிழிந்த ரப்பர் வழியே ஒழுகித் தரையோடு போய்விடும். நான்கு சக்கரத்தையும் கழற்றி, ரப்பர்களை மாற்றி, புது ஆயில் ஊற்றிக் காற்று நீக்காமல் காரை ஓரடி நகர்த்தாதீர்கள். ஹேண்ட்பிரேக் போட்டபடி நின்ற காரில் ஷூ டிரம்மோடு ஒட்டிக்கொண்டிருக்கும். எஞ்சின் பலத்தால் இழுத்து விடுவிக்கக்கூடாது. காரின் அடியில் போகிறவர்கள் ஜாக்கியை மட்டும் நம்பிப் போகாதீர்கள், செங்கல்லை ஒருபோதும் நம்பாதீர்கள். இரும்பு ஸ்டாண்டு வாடகைக்குக் கிடைக்கும், உயிர் கிடைக்காது.

டயரின் பக்கவாட்டில் நான்கு எண்கள் இருக்கும்: 2314 என்றிருந்தால் 2014-ஆம் வருஷம் 23-ஆம் வாரம் செய்தது. பத்து வருஷம் ஆன டயர், பட்டன் தேயாமல் புதிதுபோல் இருந்தாலும் வேண்டாம். டிக்கியில் இருக்கும் ஸ்டெப்னிக்கும் இதே கணக்குத்தான்.

இப்போது பேட்டரி. பழையது போயிருக்கும், புதிது வாங்குங்கள். இன்னொரு காரிலிருந்து கேபிள் கொடுத்தே தீர வேண்டுமானால், சிவப்பைச் செத்த பேட்டரியின் பாஸிட்டிவில், மறுமுனையை நல்ல பேட்டரியின் பாஸிட்டிவில், கறுப்பை நல்லதன் நெகட்டிவில், கடைசி முனையைச் செத்த காரின் எஞ்சின் இரும்பில், பேட்டரியிலிருந்து தள்ளி மாட்டுங்கள். பேட்டரியிலிருந்து வரும் ஹைட்ரஜன் அந்தக் கடைசிப் பொறியில் வெடிக்கக்கூடும் என்பதே இந்த வரிசையின் காரணம்.

பிளக்குகளைக் கழற்றியபடியே, எரிபொருளையும் இக்னிஷனையும் துண்டித்துவிட்டு, செல்ஃபைச் சில விநாடிகள் வீதம் அடித்து ஆயில் விளக்கு அணையும்வரை சுற்றவிட்டு, பிறகே பிளக்குகளை மாட்டி எஞ்சினை எழுப்புங்கள். தள்ளி எழுப்பாதீர்கள், எரியாத பெட்ரோல் சைலன்ஸர் வழியிலுள்ள கேட்டலிடிக் கன்வர்ட்டரில் போய் எரிந்து அதைப் பாழாக்கும், ஆட்டோமாட்டிக் கியர்க் கார் தள்ளி எழும்புவதுமில்லை.

இவ்வளவையும் திறந்த வெளியில் செய்யுங்கள். கதவு சாத்திய கார் ஷெட்டுக்குள் ஓடும் எஞ்சின் வெளிவிடும் கார்பன் மோனாக்ஸைடுக்கு நிறமில்லை, மணமில்லை. தலைவலி என்று உட்கார்ந்தவர் எழுந்திருப்பதில்லை. மழை பெய்கிறது என்று ஷட்டரைப் பாதி இறக்கிக்கொண்டு எஞ்சினை ஓடவிடாதீர்கள். ஏ.சி. வேலை செய்கிறதா பார்க்கக் குழந்தைகளை உள்ளே உட்காரவைத்து ஷெட்டுக்குள் ஓடவிடாதீர்கள். இரண்டு முறை சொல்லியாயிற்று. மூன்றாவது முறை சொல்லவும் தயங்கமாட்டேன்: ஷெட்டுக்குள் வேண்டாம்.

எஞ்சின் பத்து நிமிஷம் சீராக ஓடினால், ஓட்டம் அன்றைக்கு வீட்டு வளாகத்தோடு நிற்கட்டும். அன்றிரவு காரின் அடியில் பழைய செய்தித்தாள்களை விரித்து வையுங்கள். காலையில் கறுப்புச் சொட்டு தெரிந்தால் ஆயில், பச்சையோ சிவப்போ தித்திப்பு வாடையோடு இருந்தால் கூலன்ட், சக்கரத்துக்கு உட்புறம் வழவழவென்று வெளிறிய ஈரம் தெரிந்தால் பிரேக் ஆயில். சொட்டு ஒன்றானாலும் கார் மறுபடியும் பட்டறைக்குப் போகட்டும். தாள் காய்ந்திருந்தால், இன்ஷூரன்ஸும் ஆர்.சி. புக்கும் டாஷ்போர்டில் இருக்கின்றனவா என்று பார்த்துக்கொண்டு, கூட்டமில்லாத நேரத்தில் இரண்டு மைல் ஓட்டிப் போய், திரும்பி வந்ததும் நான்கு சக்கரங்களின் நடுவிலும் புறங்கையை அருகே கொண்டுபோய்ப் பாருங்கள். ஒன்று மட்டும் அனலடித்தால் அங்கே பிரேக் இன்னும் பிடித்துக்கொண்டிருக்கிறது.